பன்னிரண்டு முறை கைவிடப்பட்டவர்: பின்சுற்றுக் கல்லூரிப் பிட்சரை மதிப்பிடும் முறை

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் ஆண்டு டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பதின்மூன்றாம் சுற்றில் ஒரு கல்லூரிப் பிட்சரின் (பந்து வீசுபவரின்) பெயர் வாசிக்கப்படுகிறது என்றால், முப்பது அணிகளும் குறைந்தது பன்னிரண்டு முறை அவரை வேண்டாம் என்று கடந்து போயிருக்கின்றன என்று பொருள். இத்தனைக்கும் அவர் எங்கோ ஒளிந்திருந்தவர் அல்லர். மூன்று ஆண்டுகள் திறந்த மைதானத்தில், வேகம் அளக்கும் கருவிகளின் முன்னிலையில், வாராவாரம் பந்து வீசியவர். ஆகவே அவரைப் பார்க்கப் போகும் ஸ்கவுட் (அணிக்காக வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்), திறமையை அளப்பதற்கு முன்னால் ‘இவரை ஏன் விட்டார்கள்’ என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். விட்டதற்கான காரணம் காலத்தாலோ பயிற்சியாலோ தீரக்கூடியது என்றால் அவரைப் பரிந்துரைக்கலாம். தீராதது என்றால், அவர் அன்றைக்கு எத்தனை பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்திருந்தாலும், அதாவது பந்தை அடிக்கவிடாமலே ஆட்டமிழக்கச் செய்திருந்தாலும், குறிப்பேட்டை மூடிவிடலாம்.

இந்த வேலையில் இறங்குபவர் முதலில் பணக்கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் சுற்று எண்ணைத் தகுதி வரிசை என்று நம்பி ஏமாறுபவர்கள் மிகுதி. 2012 முதல் 2019 வரை 40 சுற்றுகள் நடந்த டிராஃப்ட், பெருந்தொற்று ஆண்டான 2020-இல் 5 சுற்றுகளாகச் சுருங்கி, 2021 முதல் 20 சுற்றுகளாக நடந்து வருகிறது. முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தொகை விதிக்கப்பட்டிருக்கிறது. அவற்றின் கூட்டுத்தொகைதான் அந்த அணி புதியவர்களுக்குக் கொடுக்கக்கூடிய போனசின் வரம்பு. முன்சுற்றில் ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்க விரும்பும் அணி, ஆறு முதல் பத்து வரையிலான சுற்றுகளில் நான்காம் ஆண்டு முடித்த, பேரம் பேச வழியில்லாத மாணவர்களை மிகச் சிறிய தொகைக்கு எடுத்து மிச்சம் பிடிக்கும். 2016-இல் செயின்ட் மேரிஸ் கல்லூரியின் டோனி கோன்சோலினை டாட்ஜர்ஸ் அணி ஒன்பதாம் சுற்றில் எடுத்தபோது கொடுத்த போனஸ் 2,500 டாலர்தான். பதினொன்றாம் சுற்றிலிருந்து கதை மாறுகிறது. அங்கே தற்போது 1,50,000 டாலர் வரை கொடுப்பது வரம்பில் சேராது. அதற்கு மேற்பட்ட பகுதி மட்டுமே சேரும். இதனால், ஒன்பதாம் சுற்றுப் பிட்சரைவிடப் பன்னிரண்டாம் சுற்றுப் பிட்சரை அதே அணியே உயர்வாக மதித்திருப்பது சாதாரணம். அந்தக் கோன்சோலின் 2022-இல் 16 வெற்றி, ஒரே தோல்வி என்ற கணக்கில் ஆல்-ஸ்டார் (நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

விட்டதற்கான காரணங்கள்

காரணங்களுள் மிகவும் பொதுவானது முழங்கைக் காயம். முழங்கையின் உட்பக்கத் தசைநாரை மாற்றிவைக்கும் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை, 1974-இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்தபோது ஒரு துணிச்சலான சோதனையாக இருந்தது. இன்று கல்லூரிப் பிட்சர்களின் வாழ்க்கைக் குறிப்பில் அது ஓர் இயல்பான வரியாகிவிட்டது. சிகிச்சைக்குப் பின் திரும்ப ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். அப்படித் திரும்புகிறவரிடம் வேகம் முதலில் வரும். பந்தை நினைத்த இடத்தில் போடும் கட்டுப்பாடு கடைசியில் வரும். இந்த வரிசையை அறியாதவர், திரும்பி வந்த முதல் பருவத்தில் வாக் (நான்கு தவறான வீச்சுகளால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) எண்ணிக்கை பெருகியிருப்பதைக் கண்டு ‘கட்டுப்பாடு இல்லாதவர்’ என்று எழுதிவிடுவார். சியாட்டில் பல்கலைக்கழகத்தின் இடக்கையர் டாரிக் ஸ்கூபலுக்கு நேர்ந்தது அதுதான். 2016-இல் அறுவைச் சிகிச்சை, 2017 முழுவதும் ஓய்வு, 2018-இல் வேகத்தோடும் மிகுந்த வாக் எண்ணிக்கையோடும் திரும்பல். டெட்ராய்ட் டைகர்ஸ் அவரை ஒன்பதாம் சுற்றில், 255-ஆவது ஆளாக எடுத்தது. 2024-இலும் 2025-இலும் அமெரிக்க லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கே போனது. எனவே சிகிச்சை முடிந்தவரின் வாக் எண்ணிக்கையைப் பருவம் முழுவதற்கும் சேர்த்துப் பார்க்காமல், மாதவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மார்ச்சில் இருந்த தடுமாற்றம் மே மாதத்தில் குறைந்திருந்தால் அது கை தேறிவருவதன் அடையாளம். தோள்பட்டைக் காயத்துக்கு இந்தப் பெருந்தன்மை பொருந்தாது. முழங்கை திரும்பி வருவது போலத் தோள் திரும்பி வருவதில்லை. இரண்டு முறை தோளில் கத்தி பட்டவரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது காரணம் அனுபவக் குறைவு, அதாவது அவர் அண்மைக்காலம் வரை பிட்சராகவே இல்லாமல் இருந்திருப்பது. ஃபுளோரிடாவின் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஃபீல்டராக) ஆடிக்கொண்டிருந்த ஜேக்கப் டிகிராம், மூன்றாம் ஆண்டில்தான் முறையாகப் பந்து வீசத் தொடங்கினார். 2010-இல் மெட்ஸ் அவரை ஒன்பதாம் சுற்றில், 272-ஆவது ஆளாக எடுத்தது. அதே ஆண்டு அவருக்கும் டாமி ஜான் சிகிச்சை நடந்தது. 25 வயதில், 2014 மே மாதத்தில்தான் உச்சநிலையான மேஜர் லீகில் முதன்முதலாக வீசினார். 2018-இலும் 2019-இலும் சை யங் விருது பெற்றார். இவரைப் போன்றவரைக் காணும்போது வீச்சுகளின் முதிர்ச்சியைத் தேட வேண்டாம், அது இருக்காது. உடலின் ஒத்திசைவைத் தேட வேண்டும். ஷார்ட்ஸ்டாப்பின் கால்கள் பந்தைப் பொறுக்கி ஓடிக்கொண்டே எறியப் பழகியவை; அந்த இலகு மவுண்டில் (பிட்சர் நின்று வீசும் மேட்டில்) நிற்கும்போதும் தெரிந்தால், அதுவே எழுதத் தக்கது.

மூன்றாவது, வேகம் போதாமை. இங்கேதான் கருத்து வேற்றுமை மிகுதி. மிசௌரியின் ஜெஃபர்சன் என்ற ஈராண்டுக் கல்லூரியிலிருந்து 1998-இல் 38-ஆம் சுற்றில் வொய்ட் சாக்ஸ் எடுத்த மார்க் பர்லி, வேகத்தால் யாரையும் அச்சுறுத்தியவர் அல்லர். ஆயினும் 214 வெற்றிகளும், 2009 ஜூலை 23 அன்று ஒரு பெர்ஃபெக்ட் கேமும் (எதிரணியில் ஒருவரைக்கூட பேஸை எட்டவிடாத ஆட்டம்) அவர் கணக்கில் உள்ளன. (அந்த 38-ஆம் சுற்று இன்று கிடையாது, இன்றைய விதியில் அவர் பெயர் வாசிக்கப்பட்டே இருக்காது.) டார்ட்மத் கல்லூரியிலிருந்து 2011-இல் எட்டாம் சுற்றில் வந்த கைல் ஹெண்ட்ரிக்ஸ், சராசரியில் மணிக்கு 90 மைலை எட்டாத ஃபாஸ்ட்பாலுடன் 2016-இல் மேஜர் லீக் முழுவதிலும் மிகக் குறைந்த ஈ.ஆர்.ஏ.வான (ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக ஒன்பது இன்னிங்சுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி) 2.13-ஐப் பதிவுசெய்து, அவ்வாண்டு உலகத் தொடர் எனும் இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆனால் இவர்களைக் காட்டி, வேகமில்லாத ஒவ்வொருவரையும் தூக்கிப்பிடிப்பது பிழை. மேஜர் லீகில் ஃபாஸ்ட்பாலின் சராசரி இன்று 94 மைல் அளவில் நிற்கிறது. 88 மைலில் வீசுபவர் அங்கே பிழைக்க வேண்டுமானால் கட்டுப்பாடு சராசரிக்குச் சற்று மேலே இருந்தால் போதாது, மிகமிக மேலே இருக்க வேண்டும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ஷேன் பீபர் 2016-இல் நான்காம் சுற்றில் கிளீவ்லாந்து அணிக்குப் போனவர். அதைப் பின்சுற்று என்று சொல்ல முடியாது என்றாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 2017-இல் கீழ்நிலை லீகுகளில் 173 இன்னிங்சில் அவர் கொடுத்த வாக் பத்தே பத்து. அதன்பின் வேகமும் கூடியது. 2020-இல் சை யங் விருதும் வந்தது. அதே கிளீவ்லாந்து அணி 2021-இல் ஐந்தாம் சுற்றில் எடுத்த டானர் பைபியும் இவ்வழியில்தான் வந்தார்: கல்லூரியில் கட்டுப்பாடு, ஒப்பந்தத்துக்குப் பின் வேகம். உடற்பயிற்சியாலும் வீச்சமைப்பைத் திருத்துவதாலும் மூன்று நான்கு மைல் கூட்டுவது இன்று பல அணிகளுக்குக் கைவந்த கலை. கட்டுப்பாட்டைக் கூட்டுவது அப்படி ஆகவில்லை.

கல்லூரியின் பெயர் சிறியது என்பதும் ஒரு காரணம்தான். டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட், இரண்டாம் பிரிவுக் கல்லூரி. ஹண்டர் பிரவுன் அங்கிருந்து 2019-இல் ஐந்தாம் சுற்றில் ஆஸ்ட்ரோஸ் அணிக்குப் போனார். சிறிய கல்லூரியில் எதிரணி பேட்டர்கள் எளியவர்கள் என்பதால் எண்ணிக்கைகளை நம்ப வேண்டாம், பந்தை நம்பலாம். பந்துக்குக் கல்லூரியின் பெயர் தெரியாது.

எண்களை எப்படிப் படிப்பது

கல்லூரி பேஸ்பாலில் ஈ.ஆர்.ஏ. மிகவும் ஏமாற்றக்கூடிய எண். அங்கே பேட்டர்கள் பிடிப்பது மரமட்டை அன்று, உலோக மட்டையோ கலப்புப்பொருள் மட்டையோதான். 2011-இல் வந்த தரக்கட்டுப்பாடு அவற்றின் துள்ளலைக் குறைத்தது என்றாலும், கைப்பிடிப் பக்கம் பட்ட பந்தில் முறிந்துபோகும் மரமட்டையின் நியாயம் அவற்றுக்கு இல்லை. உள்ளங்கை நோகும்படி ஒரு பேட்டரை நெருக்கிய நல்ல வீச்சு, கல்லூரியில் இன்ஃபீல்டைத் தாண்டி விழுந்து ஓட்டமாகிவிடும். ஃபீல்டிங் சீரற்றது, மைதானங்களும் ஒன்றுபோல் இல்லை. நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் இருப்பதால், மெல்லிய காற்றில் கர்வ்பால் வளைய மறுக்கும், அடிபட்ட பந்து நெடுந்தூரம் போகும். கால் பாலி பல்கலைக்கழகத்தில் பிரயன் வூவின் ஈ.ஆர்.ஏ. 6-ஐத் தாண்டியிருந்தது; 2021-இல் அவருக்கு அறுவைச் சிகிச்சையும் நடந்தது; அப்படியிருந்தும் சியாட்டில் மரினர்ஸ் அவ்வாண்டே அவரை ஆறாம் சுற்றில் எடுத்தது, 2025-இல் அவர் ஆல்-ஸ்டார். ஈ.ஆர்.ஏ.வை ஓரமாக வைத்துவிட்டு, சந்தித்த பேட்டர்களில் எத்தனை விழுக்காட்டினரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், அதிலிருந்து வாக் விழுக்காட்டைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். அந்த மிச்சத்தில் ஃபீல்டரின் கையும் மட்டையின் உலோகமும் கலந்திருப்பதில்லை.

மரமட்டைக்கு எதிராக அவரைப் பார்க்க வேண்டுமானால், மாசசூசெட்ஸின் கேப் காட் கோடைக்கால லீகுக்குப் போக வேண்டும். பத்து அணிகள், கல்லூரி மாணவர்கள் மட்டும், எல்லோரும் மரமட்டை. அங்கே வீசிய இருபது இன்னிங்ஸ், கல்லூரியின் எண்பது இன்னிங்சைவிட அதிகம் பேசும்.

கருவிகள் தரும் எண்கள் வேறு வகை. பெரிய கல்லூரிகளின் மைதானங்களில் டிராக்மேன் போன்ற கருவிகள் ஒவ்வொரு வீச்சின் வேகம், சுழற்சி, கையை விட்டு நீங்கிய உயரம் ஆகியவற்றைப் பதிகின்றன. இவற்றுள் பின்சுற்றுப் பிட்சருக்கு முக்கியமானது, ஃபாஸ்ட்பால் எவ்வளவு ‘விழ மறுக்கிறது’ என்பது. பின்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று மேல்நோக்கித் தாங்குகிறது. சுழற்சியே இல்லாத பந்தோடு ஒப்பிட்டால் மேஜர் லீகின் சராசரி ஃபாஸ்ட்பால் சுமார் 16 அங்குலம் மேலே வந்து சேர்கிறது. 18, 19 அங்குலம் காட்டுபவர் 91 மைலில் வீசினாலும் பேட்டரின் மட்டை பந்துக்குக் கீழே காற்றை வெட்டும். அதே அளவை ஒருவர் தாழ்ந்த கைநிலையிலிருந்து சாதித்தால் அதன் மதிப்பு இன்னும் கூடும், ஏனெனில் தாழ்விலிருந்து புறப்பட்டுத் தட்டையாக வரும் பந்தின் பாதையைப் பேட்டரின் கண் தவறாகக் கணிக்கிறது. கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் நெட்டையர் அல்லர். 2019-இல் அறுவைச் சிகிச்சையால் வீசவில்லை. 2020-இல் பருவம் பாதியில் நின்றுபோனது. பார்க்கக் கிடைத்த இன்னிங்ஸ் விரல்விட்டு எண்ணத் தக்கவை. ஆயினும் அந்த ஃபாஸ்ட்பாலின் வடிவத்தைப் பார்த்து நான்காம் சுற்றில் எடுத்தது அட்லாண்டா. ஐந்தே சுற்றுகள் நடந்த ஆண்டில் அது கடைசிக்கு முந்தைய சுற்று. 2023-இல் அவர் செய்த ஸ்ட்ரைக்-அவுட்கள் 281.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதியும் ஒரு தடையும் உண்டு. தையல் காற்றைப் பிளந்து பந்தைத் திசைமாற்றுவது நமக்குப் புதிதன்று. சேஞ்சப் (வேகம் குறைத்த வீச்சு), சிங்கர் (கீழே இறங்கும் வீச்சு) இரண்டும் சுழற்சி சொல்வதைவிட அதிகமாக நகர்வதற்குத் தையலின் நிலை காரணமாகலாம் என்று சொன்னால் உடனே விளங்கும். ஆனால் பந்து தரையில் படாமலே வரும் ஆட்டத்தில் நம் கண் தன்னையறியாமல் பக்கவாட்டு அசைவையே தேடுகிறது. மேலும் கீழுமான அசைவைப் பார்க்கக் கண்ணைப் பழக்க எனக்கு ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று.

மைதானத்தில்

கல்லூரிப் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டங்கள். வெள்ளிக்கிழமை வீசுபவரே அணியின் தலைசிறந்த பிட்சர் என்பது மரபு. அவரைப் பார்க்கத் தலைமை ஸ்கவுட்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பின்சுற்றுக்கு ஆள் தேடுபவர் ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டும், செவ்வாய்க்கிழமை நடக்கும் வாரநடு ஆட்டத்துக்கும் வரவேண்டும்.

ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் முன்பே போய், அவர் புல்பென்னில் (பிட்சர்கள் கையைச் சூடேற்றும் இடத்தில்) தயாராவதைப் பாருங்கள். பிறகு முதல் இரண்டு இன்னிங்ஸ் ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடத்துக்கு) நேர் பின்னால் உட்கார்ந்து பந்தின் போக்கைக் கவனியுங்கள். மூன்றாம் இன்னிங்சில் இடம் மாறி, வலக்கையர் என்றால் மூன்றாம் பேஸ் பக்கமும் இடக்கையர் என்றால் முதல் பேஸ் பக்கமும் போய் நில்லுங்கள். அங்கிருந்துதான் அவர் மார்பு உங்களை நோக்கித் திறக்கும். முன்கால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இறங்குகிறதா, கால் தரையைத் தொடும் கணத்தில் எறியும் கை மேலே வந்துவிட்டதா, தலை ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்பவை அங்கிருந்தே தெரியும். ஓட்டக்காரர் முதல் பேஸில் இருக்கும்போது, பிட்சரின் முதல் அசைவிலிருந்து கேட்ச்சரின் கையுறையில் பந்து விழும் வரை ஸ்டாப்வாட்சில் அளந்துகொள்ளுங்கள். 1.3 வினாடி என்றால் நன்று, 1.5-ஐத் தாண்டினால் எதிரணி அவர்மீது பேஸ் திருடும். இது திருத்தக்கூடிய குறை என்பதால் நான் இதற்காக யாரையும் கழித்ததில்லை, குறித்து மட்டும் வைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். குளிர் எலும்பைக் குத்திக்கொண்டிருந்தது. நெட்டையான ஓர் இடக்கையர் வீசிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த ரேடார் கன் 91, 91, 90 என்று காட்டியது. ஐந்தாம் இன்னிங்சில் அது 87-க்கு இறங்கியது. ‘தாக்குப்பிடிக்க மாட்டார்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, ஷார்ட்ஸ்டாப் இரண்டு எளிய பந்துகளைக் கோட்டைவிட்டிருந்தார்; பேஸ்கள் நிறைந்திருந்தன. இடக்கையர் மவுண்டுக்குப் பின்னால் போய், வலது ஷூவின் நுனியால் மண்ணை இரண்டு முறை தள்ளிக் குழியைச் சமன்செய்தார். ஷார்ட்ஸ்டாப்பைப் பார்த்துக் கையுறையால் தன் தொடையை ஒருமுறை தட்டினார், அவ்வளவுதான். அடுத்து மூன்று ஸ்லைடர்கள் (பக்கவாட்டில் வளையும் வீச்சுகள்), மூன்றும் வலக்கை பேட்டரின் பின்கால் அருகே, ஒரே சாண் அகலத்துக்குள். வேக எண்ணையே பார்த்துக்கொண்டிருந்த நான், அந்த ஸ்லைடர் முதல் இன்னிங்சிலிருந்தே அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது என்பதை வீடு திரும்பிக் காணொளியைப் பார்த்த பிறகே அறிந்தேன். அதிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் இன்னிங்சை ரேடார் கன்னைப் பையில் போட்டுவிட்டே பார்க்கிறேன்.

ஒரே ஆட்டத்தைப் பார்த்து முடிவெழுதுவது கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். எத்தனை போதும் என்று யாரும் சொல்வதில்லை. என் கணக்கு மூன்று: ஒன்று அவர் நன்றாக வீசியது, ஒன்று அடிவாங்கியது, ஒன்று நூறு வீச்சை நெருங்கியது. அடிவாங்கிய நாளில் அவர் எந்த வீச்சுக்குத் திரும்புகிறார் என்பதைப் பார்த்தால், அவர் உண்மையில் நம்பும் வீச்சு எது என்று தெரிந்துவிடும்.

பேசித் தெரிந்துகொள்ள வேண்டியவை

பயிற்சியாளர் தம் மாணவரைப் புகழ்வார், அது அவர் கடமை. அவரைவிடப் புல்பென் கேட்ச்சர் பயனுள்ளவர். எந்தப் பந்தைப் பிடிக்கக் கடினம் என்று கேளுங்கள். எதிரணிப் பேட்டரிடம் ‘அவர் பந்து எப்போது கண்ணுக்குத் தெரிகிறது’ என்று கேளுங்கள். பந்தைக் கடைசிவரை உடலுக்குப் பின்னால் மறைப்பவரை எந்தக் கருவியும் முழுமையாகப் பிடித்துக்காட்டுவதில்லை, அவரிடம் தோற்ற பேட்டர்தான் அதைச் சொல்வார்.

அடுத்தது, அவர் ஒப்பந்தத்துக்கு வருவாரா என்பது. இது முன்னெப்போதையும்விடச் சிக்கலாகிவிட்டது. மாணவ வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம் என்று 2021 ஜூலையில் ஆனது முதல், மூன்றாம் ஆண்டு பிட்சர் ஒருவர் பின்சுற்றுப் போனசை மறுத்துவிட்டு வேறு பெரிய கல்லூரிக்கு மாறி, ஓராண்டு கழித்து முன்சுற்றில் வரத் திட்டமிடுவது பகுத்தறிவான கணக்காகிவிட்டது. ஆகவே வீட்டுக்குப் போய்ப் பெற்றோர் முன்னிலையில், எந்தத் தொகைக்குக் கீழே கையெழுத்திட மாட்டார் என்பதை நேரடியாகக் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். மழுப்பலான விடை கிடைத்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

அறிக்கை

ஸ்கவுட்கள் 20 முதல் 80 வரையிலான அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள்; 50 என்பது மேஜர் லீகின் சராசரி. ஒவ்வொரு வீச்சுக்கும் இன்றைய மதிப்பு ஒன்று, எதிர்கால மதிப்பு ஒன்று. பின்சுற்றுப் பிட்சரின் அறிக்கையில் எல்லாவற்றுக்கும் 45 என்று எழுதுவது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் அப்படிப்பட்டவரை எந்த அணியும் எடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வீச்சுக்கோ கட்டுப்பாட்டுக்கோ 60 கொடுக்க முடிகிறவரை முன்வையுங்கள். மற்றவை 35 ஆக இருக்கட்டும். ஒரு சிறந்த ஆயுதம் உள்ளவர் குறைந்தது ரிலீவராக (ஆட்டத்தின் இடையில் வந்து வீசுபவராக) ஓர் இன்னிங்ஸ் வீசவாவது பயன்படுவார். அதற்குக் கீழே, விட்டதற்கான காரணம் என்ன, அது தீருமா, தீர்ப்பதற்கு யார் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வாக்கியங்கள் போதும்.

ஜூலையில் டிராஃப்ட் நாள் வரும்போது பின்சுற்றுகள் மிக வேகமாக ஓடும். உங்கள் அணியின் முறைக்கு நான்கைந்து பெயர்கள் முன்னதாக அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். நீங்கள் அந்த வீரரை அழைத்து, இந்தத் தொகை, சம்மதமா என்று கேட்க வேண்டும். தொலைபேசி எண் இரண்டு, அவருடையது ஒன்றும் பெற்றோருடையது ஒன்றும், அறிக்கையின் மேல்வரியிலேயே இருக்கட்டும். அவர் அன்று மீன்பிடிக்கப் போயிருக்கக்கூடும்.